காதில் சொன்னது

செத்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள். சுதாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இணையத்தில் எதையாவது மேய்வது பழக்கம். அப்படி மேய்ந்தபோதுதான் அந்தத் தளம் கண்ணில் பட்டது. படம் இல்லாமல், சத்தம் இல்லாமல், வெறும் எழுத்திலேயே நடந்த பழைய கூட்டு விளையாட்டுகளை உலகம் முழுக்கத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள். யாரோ வெளிநாட்டுக்காரர்கள், சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை. அதில் ஒரு மூலையில் ‘ஏரிக்கரை’ என்ற பெயர் இருந்தது. கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: இந்தியா. ஏதோ கல்லூரியில் நடந்தது. செய்தவர் தெரியவில்லை. நிலை: இறந்தது. கோப்புகள் எதுவும் மிஞ்சவில்லை.

செய்தவர் தெரியவில்லையாமே! அந்த ஏரிக்கரையில் பாதியைக் கட்டியவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி இருந்தது அவள் படித்த இன்ஜினியரிங் காலேஜ். ஆணும் பெண்ணும் பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். பஸ்ஸில் முன்னால் பெண்கள், பின்னால் ஆண்கள், படிக்கட்டுகூடத் தனித்தனி. ஆனால் மாடியில் இருந்த பெண்கள் லேபுக்கும் கீழே இருந்த ஆண்கள் லேபுக்கும் ஒரே நெட்வொர்க் கம்பிதான் ஓடியது. அதை முதலில் கவனித்தவன் ரகுநாதன், சுதாவுக்கு ஒரு வருஷம் சீனியர். வெளிநாட்டு மாணவர்கள் எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரு நிரலை இறக்கி, லேப் மூலையில் சும்மா கிடந்த மிஷினில் ஏற்றி, ஏரிக்கரையை ஆரம்பித்தான்.

கறுப்புத் திரையில் ஒரு பத்தி வரும். ‘நீ ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் மேல் நிற்கிறாய். தண்ணீர் உன் செருப்பை நனைக்கிறது. வடக்கே டீக்கடை. இங்கே மின்மினி உட்கார்ந்திருக்கிறாள்.’ தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கவேண்டும். வடக்கு என்று அடித்தால் டீக்கடைக்குப் போகலாம். ‘சொல்’ என்று ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். ‘காது’ என்று ஆரம்பித்து ஒரு பெயரைப் போட்டால் அந்த ஒருவருக்கு மட்டும். நாய் கடிக்கும், டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறினால் டி.டி.ஆர். பிடிப்பார், ஒழுங்குக் கமிட்டி என்ற பூதம் ஊரைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், எதிரே பட்டால் அட்டை போச்சு. புது இடங்களைக் கட்டுகிறவர்களுக்குக் கொத்தனார் என்று பட்டம். எல்லாருக்கும் மேலே ரகுநாதன், மேஸ்திரி. சுதா கொத்தனார். சேக்காடு சப்வேயைக் கட்டினாள், பூந்தமல்லி கடைத்தெருவைக் கட்டினாள், மூன்றாம் வருஷக் கடைசியில், மின்சார ரயில்கள் வந்து நிற்கிற அண்ணனூர் கார் ஷெட்டைப் பெட்டி பெட்டியாக, பேன் சுற்றுகிற சத்தம் முதற்கொண்டு எழுதி முடித்தாள். முடித்த மறுவாரம் திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை. டிஸ்க் போய்விட்டது, எல்லாம் போச்சு என்றான் ரகுநாதன். ஒரு வருத்தம், ஒரு மன்னிப்பு, எதுவும் கிடையாது. அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை விட்டாள்.

இப்போது தளத்துக்காரர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டாள். மரியாதையாகத்தான் பதில் வந்தது. ‘உங்கள் நினைவுகளுக்கு நன்றி. கோப்புகள் இருந்தால் அனுப்புங்கள். நினைவுகளை வைத்து நாங்கள் எதையும் திருத்துவதில்லை.’

“இன்னா சுதா, மூஞ்சி இப்டி கீது?” என்றார் லட்சுமணன் அன்று சாயங்காலம். அவள் புருஷன்; அண்ணனூர் ஷெட்டிலேயே எலெக்ட்ரிக் வேலை. மேனாம்பேட்டில் அவர்கள் வீடு.

அவள் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“படமே இல்லாத கேமு. அத்த இப்ப எட்த்து இன்னா பண்ணப் போற?”

“செத்துப்போச்சுன்னு போட்டுக்கீறான்யா!”

“செரி, அத்த கண்டுபுடி. ஆனா சோத்த துண்ணுட்டு கண்டுபுடி.”

முதலில் காலேஜுக்குத்தான் போனாள். பெயர் மாறியிருந்தது, வாட்ச்மேன் மாறியிருந்தார், லேப் இருந்த இடத்தில் கான்டீன் இருந்தது. அலுவலகத்தில் இருந்த பெண், சுதா கேட்டதையே இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டு, “மேடம், அந்தக் காலத்து மிஷின்லாம் காயலான் கடைக்குப் போயி எத்தினியோ வருஷம் ஆச்சு” என்றாள். சொல்லும்போதே அடுத்த ஆளின் அட்மிஷன் தாளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் மணவாளன் ஞாபகம் வந்தது. ஏரிக்கரையில் எந்த நேரம் போனாலும் கிடப்பவன். ஒரு முறை எல்லாவற்றையும் சி.டி.யில் எழுதி வைத்துக்கொண்டதாகப் பீற்றிக்கொண்டவனும் அவன்தான். பூந்தமல்லியில் மெட்ரோ தூணுக்குப் பின்னால் செல்போன் கடை வைத்திருந்தான். சுதாவைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தான்.

“கொத்தனாரே! எத்தினி வருஷம் ஆச்சு! இன்னா சாப்டற, ரோஸ்மில்க் சொல்லவா?”

“அந்த சி.டி. கீதா மணவாளா?”

“எந்த சி.டி.?”

“ஏரிக்கரை.”

மணவாளன் தலையைச் சொறிந்தான். கடைக்கு மேல்தான் வீடு. மாடிக்குக் கூட்டிப்போனான். துணி காயப்போடுகிற கம்பியில் வரிசையாக சி.டி.க்கள் நூலில் தொங்கிக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. வெயிலில் பளிச் பளிச்சென்று கண்ணைக் குத்தின.

“புறா தொல்ல தாங்கல சுதா. பழசெல்லாம் எட்த்துக் கட்டி உட்டேன். நாலஞ்சு மழ பார்த்துட்ச்சி. இதுல எதுனா ஒண்ணாத்தான் கீணும்.”

ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிப் பூச்சு தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றின் மேல் ஸ்கெட்ச் பேனா எழுத்து வெளுத்துப்போய் ‘ஏரி’ என்று மட்டும் தெரிந்தது. அதைக் கம்பியிலிருந்து அறுத்து எடுத்தபோது அதன் மிச்சப் பூச்சும் அவள் கட்டைவிரலோடு வந்துவிட்டது. புறாக்கள் என்னவோ பக்கத்துச் சுவரில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

“புறாவாச்சும் வராம நின்னுச்சா?” என்றாள். அழுகை வருமோ சிரிப்பு வருமோ அவளுக்கே தெரியவில்லை.

“எங்க, அதுவும் வந்துகினுதான் கீது.” மணவாளனுக்கு நிஜமாகவே வருத்தம். “இத்தினி நாள் கழிச்சி நீ வந்து கேப்பன்னு நான் இன்னா கண்டேன்? நீ ஒண்ணு பண்ணு, ரகுவாண்ட போ. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்துலதான் கீறான். அவங்கிட்ட இல்லாம போவாது. அவன் பழைய சைக்கிளயே இன்னும் விக்காதவன்.”

ரகுநாதனிடம் போவதா என்று ஒரு வாரம் மருகினாள். தளத்தைத் திறந்தால் ‘இறந்தது’ என்று அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரகுநாதன் மெலிந்து, முன்மண்டை வழுக்கையாகி, வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். ஏதோ வங்கிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. தனியாகத்தான் இருக்கிறான் போலிருந்தது. அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. மணவாளன் போன் செய்திருப்பான்.

“உள்ள வா சுதா.”

ஏரிக்கரையில் எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’ தான். வெளியே அவன் சீனியர். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், “உங்ககிட்ட ஏரிக்கரை எதாவது மிச்சம் இருக்கா?” என்று நேராகக் கேட்டாள்.

“எல்லாமே இருக்கு” என்றான்.

சுதா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“மிஷின் மாத்தும்போதெல்லாம் இதையும் கூடவே எடுத்துகிட்டு வந்துடுவேன். நிரல், நீ கட்டின இடங்க, ஆளுங்களோட கணக்குங்க. ஒண்ணுகூட போகல.”

“அப்போ டிஸ்க் போயிடுச்சுன்னு சொன்னது?”

“பொய்.”

சுதாவின் குரல் எகிறியது. “கார் ஷெட்ட எழுதி முடிச்ச மறுவாரம் ரகு! பஸ்ல அழுதுகினே ஊட்டுக்குப் போனேன் நானு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல நீ?”

மரியாதை போய் ‘நீ’ வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. ரகுநாதன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

“பிரின்சிபல் கூப்பிட்டு அனுப்பினாரு. எந்தப் பொண்ணு எந்தப் பையன்கிட்ட பேசினா, பேரோட வேணும்னாரு. பேசினத பிரின்ட் எடுத்துக் குடுக்கணுமாம். அன்னிக்கே மிஷின நிறுத்திட்டு, டிஸ்க் எரிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட உண்மையச் சொன்னா ஒரு நாள்ல காலேஜ் பூரா பரவியிருக்கும்.”

“பேசினத எப்படி பிரின்ட் எடுக்க முடியும்? அது திரையில ஓடிப் போயிடுமே.”

அவன் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். சுதாவுக்கு மெல்ல உறைத்தது.

“பதிவு பண்ணியா?”

“யாரோ ஒருத்தன் பொண்ணுங்ககிட்ட கேவலமா பேசறான்னு புகார் வந்துச்சு. அவனப் பிடிக்கறதுக்காக ஆன் பண்ணேன். பிடிச்சும் ஆச்சு. அப்புறம் ஆஃப் பண்ணல.”

“காதுல சொன்னதுமா?”

“காதுல சொன்னதும்தான்.”

தெருவில் ஒரு மீன்காரம்மா வஞ்சிரம், சங்கரா என்று கூவிக்கொண்டு போனாள்.

“நான் படிச்சதில்ல” என்றான் ரகுநாதன். “நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். அழிக்கவும் மனசு வரல, யார்கிட்டயும் குடுக்கவும் முடியல. அப்படியே வெச்சிருக்கேன்.”

சுதாவுக்கு அவன்மேல் கோபப்படுவதா, தங்களைக் காப்பாற்றியவன் என்று நன்றி சொல்வதா என்று புரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி எதைச் செய்வாள்? “எனக்குக் குடு, நான் தளத்துல சேக்கறேன்” என்றாள்.

“இடங்கள வேணா எடுத்துக்கோ. பேச்சு வேணாம்.”

“பேச்சு இல்லாம ஏரிக்கரை எது ரகு? வெறும் இடத்த மட்டும் வெச்சா அது வத்திப்போன ஏரி. சப்வேல யாரும் நிக்கல, டீக்கடையில யாரும் இல்ல. அத்த யாரு பார்ப்பா?”

“அப்போ எல்லார்கிட்டயும் கேளு. ஒருத்தர் வேணாம்னாலும் இடம் மட்டும்தான்.” அதற்குமேல் அவன் அசையவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கதவைத் திறக்காத கதை.

மணவாளன் உதவியோடு ஒரு வாட்ஸப் குழு தொடங்கினாள். துபாய், ஓசூர், நியூ ஜெர்சி என்று சிதறிக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் முழுக்க சிரிப்புப் பொம்மைகள்தான். இரண்டாம் நாள் காலை வணக்கமும் பூங்கொத்துப் படமும் வர ஆரம்பித்தன. சுதா கேள்வியைப் போட்டாள்: நாம் பேசியதெல்லாம் பதிவாகி இருக்கிறது, தளத்தில் சேர்க்கலாமா? அதற்குக் கீழே ஒருவன் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து போட்டான். அதற்கு எல்லாரும் வாழ்த்தினார்கள். அவள் மறுபடி கேள்வியைப் போட்டாள்.

“போடு மாமே, செம காமெடியா இருக்கும்” என்றான் வேம்புலி, துபாயிலிருந்து. இரண்டு மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவர் ‘சட்டப்படி இது சரியா’ என்று நீளமாக எழுதினார். அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. எரிச்சலில் சுதா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசிச் சம்மதம் வாங்கினாள். ‘அந்த கேமுக்கா இவ்ளோ?’ என்று கேட்காதவர்களே இல்லை. சரி என்று சொல்லத் தயங்கியவர்களைக்கூட எப்படியோ பேசிக் கரைத்துவிட்டாள்.

அப்போதுதான் கிருஷ்ணப்பிரியா குழுவில் ஒரே வரி எழுதினாள்: ‘எனக்கு வேணாம். அழிச்சிடுங்க.’ எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

கிருஷ்ணப்பிரியா, சுதாவுக்கு நான்கு வருஷமும் பக்கத்து நாற்காலி. ஏரிக்கரையில் மின்மினி அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு எப்போதாவது பேசிக்கொள்வதோடு சரி. போனை எடுக்கவில்லை. சுதா சேக்காட்டுக்கே போய்விட்டாள். மாடியில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிருஷ்ணப்பிரியா படியிறங்கி வந்தாள்.

“எதுக்குடி வந்தன்னு தெரியும். மாத்திக்க மாட்டேன்.”

“உங்க ஊட்டுக்காரரு எதுனா சொல்வாருன்னா, உன் பேர மாத்திட்டு...”

“அவரு இன்னா சொல்வாரு? காட்டினா சிரிப்பாரு. அது இல்ல சுதா.” படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். “ரெண்டாவது வருஷம் எங்க ஊடு எப்டி இருந்துச்சுன்னு உனுக்குத் தெரியாது. அப்பா அம்மாவ அடிக்காத நாளே இல்ல. ஒரு கட்டத்துல என்னயும். நான் காலைல பஸ் ஏறும்போதே, இன்னிக்கு ஏரியில எறங்கிடலாம்னு நெனச்சுகினுதான் ஏறுவேன்.”

“என் பக்கத்துலதானடி உக்காந்திருந்த?”

“உன் பக்கத்துல உக்காந்துகினுதான் அடிச்சேன். தெனமும் ஒருத்தர் காதுல. லேப்ல போயி அதச் சொல்லிட்டா அன்னிக்குப் பொழுது தள்ளிடும். உங்கிட்ட சொல்ல முடியல. மூஞ்சியப் பார்த்து யாராண்டயும் சொல்ல முடியல.”

“யாரு அது?”

“அத்த கேக்காத.”

சுதாவுக்கு வருத்தத்தோடு கோபமும் வந்தது. பக்கத்தில் இருந்தும் தனக்குத் தெரியாமல் போனதே என்ற கோபம். “இத்தத்தானடி காப்பாத்தணும்னு சொல்லிகினு கீறேன்! ஏதோ பொழுதுபோக்கு கேமுன்னு எல்லாரும் சொல்றான். அது இன்னாவா இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? உன் பேரு வராம...”

“அது என்னக் காப்பாத்துச்சு. அதுக்காக நான் அத்த ஊருக்குக் காட்டணுமா?” கிருஷ்ணப்பிரியா குரலை உயர்த்தவில்லை. “நீ இடம் கட்டின, அத்தக் காட்டணும்னு ஆசப்படற. காட்டு. அதுக்குள்ள நான் வாழ்ந்தது என்னோடது. காதுலன்னு சொல்லித்தான சொன்னேன்? மைக்ல சொல்லலியே.”

மேலே பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. சப்வே வழியாக நடந்து ஸ்டேஷனுக்கு வந்த சுதா, ரயில் ஒன்று போனதைப் பார்த்துக்கொண்டே ஏறாமல் நின்றிருந்தாள்.

சுதா வந்து சொன்னதை ரகுநாதன் கேட்டுக்கொண்டான். “சரி, பிரிச்சிட்டு பேச்ச அழிச்சிடலாம். ஆனா நீதான் செய்யணும். இடங்களோட கோப்பு எது, ஆளுங்களோடது எதுன்னு தெரியாம ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கு. நீ கட்டினதுக்கு நீ வெச்ச பேரு எனக்கு விளங்கல.”

ஆக, எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பினாளோ அதைத் தன் கையாலேயே அழிக்கவேண்டும் என்று ஆயிற்று. சனிக்கிழமை பகலில் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். மேசையில் அவள் பென்டிரைவ் இருந்தது. சப்வேயை எடுத்து ஒதுக்கினாள். கடைத்தெருவை ஒதுக்கினாள். கார் ஷெட்டின் ஒவ்வொரு பெட்டியும் அவள் எழுதியபடியே எழுத்துப் பிழையோடு இருந்தது. நாய்கள், டி.டி.ஆர்., ஒழுங்குக் கமிட்டி எல்லாரும் பத்திரம். சுவர்களில்தான் தகராறு. சப்வே சுவரில் யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம் என்று அவளே வைத்திருந்தாள். இடமும் பேச்சும் ஒரே கோப்பில் கிடந்தன. படிக்காமல் பிரிக்க முடியாது. கண்ணை இடுக்கிக்கொண்டு, பெயர் தெரிகிற வரியை எல்லாம் வெட்டினாள். ‘கணக்கு வாத்தியார் ஒழிக’ என்பது மட்டும் யார் எழுதியது என்று இல்லாததால் தப்பித்தது.

பிறகு ஆட்களின் பதிவுகள் வந்தன. மின்மினியின் கோப்பைக் கண்டாள். மற்ற எல்லாருடையதையும்விட அதுதான் பெரிது. பெரிது என்றால் சாதாரணப் பெரிது இல்லை. அந்த அளவைப் பார்த்ததே திறந்து படித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

கேஸ்காரன் வந்தான் என்று ரகுநாதன் வாசலுக்குப் போயிருந்தான். மொத்தத்தையும் பென்டிரைவுக்கு இழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. யாருக்கும் தெரியப்போவதில்லை. தளத்தில் போடவேண்டாம், தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், எல்லாரும் செத்தபிறகு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். விரல் மவுசின் மேலேயே நின்றது. சிலிண்டர் உருளுகிற சத்தம் கேட்டது.

அழித்துவிட்டாள். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவு ஒரு பொட்டும் வரவில்லை. எரிச்சல்தான் மண்டிக்கொண்டு வந்தது, கிருஷ்ணப்பிரியா மேல், ரகுநாதன் மேல், பேரும் ஊரும் கேட்ட அந்தப் பிரின்சிபல் மேல், காதில் சொன்னதையும் விடாமல் எழுதி வைத்த அந்த மிஷின் மேல். “காபி போடறேன்” என்று உள்ளே வந்தவனிடம், “வேணாம், உன்னோட பழைய காப்பி எதாவது இருந்தா அதையும் அழிச்சிடு” என்றாள். அவன் அலமாரியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தான். அதையும் அவளே துடைத்தாள்.

மிஞ்சிய நிரலாவது ஒழுங்காக ஓடியதா என்றால் இல்லை. அந்தக் காலத்து நிரலை இந்தக் காலத்து மிஷின் வாயில் வைக்கவே மறுத்தது. ஒரு பிழையைத் திருத்தினால் ஒன்பது முளைத்தன. லட்சுமணன் கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பதே அவள் மாலைப்பொழுதாகப் போனது. “ஷெட்ல பழைய மோட்டாருக்கு ஸ்பேர் கெடைக்கலன்னா நாங்களே கடஞ்சி போட்டுக்குவோம். அந்த மாரி எதுனா பண்ணேன்” என்றார் அவர். அதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்பதால் அவர்மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

ஒருவழியாக ஓடியபோது கடைசியாக ஒரு வரி குறுக்கே நின்றது. பேசுவதைப் பதிவு செய்யவா, வேண்டாமா என்று தீர்மானிக்கிற வரி. ரகுநாதன் ‘ஆம்’ என்று விட்டது விட்டபடியே இருந்தது. சுதா அதை வெகுநேரம் பார்த்தாள். ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்கக் கிளம்பியவளே அவள்தான். ‘இல்லை’ என்று மாற்றிவிட்டு, மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

ஞாயிறு பிற்பகல் திறந்துவிடுவதாகக் குழுவில் சொல்லியிருந்தாள். வந்தவர்கள் கைவிரலில் எண்ணுகிற அளவுதான். வேம்புலி வந்து கலங்கலிலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியாமல் தெற்கு தெற்கு என்று அடித்துத் தண்ணீரில் விழுந்து செத்தான். மணவாளன் கார் ஷெட்டுக்குள் போய் வெளியே வரும் வழி தெரியாமல், கடையில் ஆள் வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். ‘மணவாளன் இங்கே அசையாமல் நிற்கிறான்’ என்று சாயங்காலம் வரை திரையில் நின்றது. ஆளாளுக்கு உத்தரவு மறந்துபோய்ச் சுதாவையே கேட்டுத் துளைத்தார்கள். ரகுநாதன் மேஸ்திரியாக வரவில்லை. புதுப் பெயரில் வந்து டீக்கடை மூலையில் உட்கார்ந்திருந்தான்.

நடுவில் ஓர் அரைமணி நேரம் மட்டும் என்னவோ ஆயிற்று. செத்துப் பிழைத்து வந்த வேம்புலி, ஒழுங்குக் கமிட்டிப் பூதத்தை மடக்கி, ‘உன் அட்டையக் காட்டு’ என்று அதனிடமே கேட்டான். நியூ ஜெர்சியிலிருந்து ஒருத்தி பூதத்துக்கு வக்கீலாக வந்தாள். ரகுநாதன் நீதிபதி ஆனான். பிரின்சிபல் கேட்ட பெயர்கள், பஸ் பின்சீட்டு, பிடுங்கிய அட்டைகள் எல்லாமே விசாரணைக்கு வந்தன. சுதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இது எங்கேயும் பதிவாகவில்லை என்பது மண்டையில் உறைத்தது. திரையில் வரிகள் மேலே ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பிடித்து வைக்கக் கை துறுதுறுத்தது. சிரிப்பதா, அதைப் பிடிப்பதா என்பதிலேயே பாதிச் சிரிப்பு போய்விட்டது. கிருஷ்ணப்பிரியா வரவில்லை. வருவாள் என்று சுதாவும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் யாராவது உள்ளே நுழையும்போதெல்லாம் பெயரைப் பார்த்தாள்.

தளத்துக்காரர்கள் கோப்புகளை வாங்கிக்கொண்டு மிகவும் சந்தோஷப்பட்டார்கள். செய்தவர்கள் என்று இரண்டு பெயரும் ஏறின. ‘இறந்தது’ போய் ‘முழுமையற்றது’ வந்தது. கூடவே ஒரு கேள்வி: ஆட்டம் எப்படி நடந்தது என்று காட்ட, பழைய உரையாடல் மாதிரி ஏதேனும் கிடைக்குமா? அது இல்லாமல் இதன் முக்கியத்துவத்தை வாசகர்களுக்கு விளக்குவது கடினம்.

சுதா அதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேவையில்லாமல் கழுவினாள். திரும்பி வந்து பதில் எழுதினாள். ‘இல்லை. பேச்சு பேசியவர்களுடையது. இது ஆணும் பெண்ணும் பேசக்கூடாத ஒரு காலேஜில் இருந்தது. மற்றதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.’ கோபமாக இருக்கிறதோ என்று மறுபடி படித்தாள். கோபமாகத்தான் இருந்தது. அப்படியே அனுப்பினாள்.

“ஞாயித்துக்கெழமை அப்டி சிரிச்சியே, இன்னாதான் நடந்துச்சு?” என்று லட்சுமணன் கேட்டார். அவள் விசாரணைக் கதையைச் சொன்னாள். வேம்புலி இதைக் கேட்டான், வக்கீல் இப்படிச் சொன்னாள், அப்புறம் நீதிபதி என்று சொல்லச் சொல்ல அது சப்பென்று போய்க்கொண்டே இருந்தது. சொல்லி முடித்தபோது அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

“போய்யா. உனுக்குப் புரியாது.”

“அப்போ வர்ற வாரம் என்னயும் உள்ள உடு.”

“உனுக்குத்தான் டைப் பண்ணவே வராதே.”

“ஒரு வெரலால அடிப்பேன். அந்த ஷெட்ட சரியா கட்டிகீறியான்னு நான் பாக்கவோணாவா? நான் அங்க டெய்லி வேல செய்றவன்.”

“தப்பு கண்டுபுடிச்சேன்னு எதுனா சொன்ன, நாயி கடிக்கும்” என்றாள் சுதா. கோபம் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் அவருக்கு ஒரு பெயர் யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.